மனசு அடங்கணும்னு வீட்டில் செஞ்ச மெழுகுவர்த்தி, கைமருந்து: உங்களுக்கு என்ன நடந்தது?

காவிரிக்கரை

அப்பா போய் நாப்பது நாள் ஆகியும் அம்மா வாயைத் திறந்து எனக்கு ஒரு வேலை சொல்லல. கேட்டா பதில் வரும், அவ்வளவுதான். நான் லீவு போட்டுட்டு கும்பகோணத்துலயே இருந்தேன். ராத்திரி ரெண்டு பேருக்குமே தூக்கம் இல்ல. கையால எதையாவது செய்யணும் போல இருந்துச்சு, மெழுகுவர்த்தி ஊத்த ஆரம்பிச்சேன். எப்படி ஊத்தறதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

மூணாவது தடவை ஊத்தினப்போ, மாடியில அப்பா வெச்ச பன்னீர் ரோஜாத் தொட்டிப் பூவைக் காயவெச்சு, அந்த இதழ்களை மேல பரப்பினேன். கொஞ்சம் வெட்டிவேரும் சேர்த்தேன். கண்ணாடி டம்ளர்ல பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. அம்மா கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஏத்தி வெச்சேன்.

அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு இதழ் திரியோட ஒட்டிப் பத்திக்கிச்சு. அங்கிருந்து பக்கத்து இதழ், அங்கிருந்து வேர். ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளா எழும்பிடுச்சு. நான் சொம்புத் தண்ணியைக் கையில எடுத்துட்டேன். பின்னாடியிருந்து ஒரு சத்தம், "தண்ணி ஊத்தாதடி! மூடு!" அம்மா எழுந்து போய், சாமி அலமாரியில இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துட்டு வந்து டம்ளர் மேல கவுத்துட்டாங்க. கை நடுங்கல. எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்கறது அந்தக் கைதான். தாம்பாளத்துல இருந்த விபூதி எல்லாம் தரையில. அதைப் பார்த்துட்டு, "ஈரத்துணி கொண்டா. விபூதியில துடைப்பம் படக்கூடாது"ன்னாங்க. அத்தனை நாளைக்கப்புறம் எனக்குச் சொன்ன முதல் வேலை.

ரெண்டு வருஷம் ஆச்சு. எரிஞ்சது அப்பா செடிப் பூன்னு இன்னும் அம்மாகிட்ட சொல்லல.

பாரிமுனை மோல்டு

உங்க அம்மா செஞ்சதுதான் சரி. எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. தண்ணிப் பாத்திரம் வைக்காம, மெழுகை நேரா அடுப்புல ஏத்திட்டு போன் பேசப் போயிட்டேன். திரும்பி வந்தா சட்டியிலிருந்து வெள்ளைப் புகை. அடுப்பை அணைச்சேன். இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சுக்குவேன்.

ஆனா நீங்க செஞ்ச முறையில தப்பு இருக்கு, சொல்லியே ஆகணும். காய்ஞ்ச பூ, வேர், பட்டை, எதையும் எரியற மெழுகு மேல வைக்கக்கூடாது. உருகின மெழுகை உறிஞ்சிக்கிட்டா ஒவ்வொண்ணும் ஒரு திரி ஆயிடும். வெட்டிவேருக்கு மண்பானைத் தண்ணிதான் இடம், இல்லன்னா ஜன்னல் தட்டி. மெழுகுல வேரைப் போட்டா வாசனை ஒண்ணும் பெரிசா வராது. தண்ணி ஏன் ஊத்தக்கூடாதுன்னா, அது எரியற மெழுகுக்குள்ள இறங்கி ஒரே நொடியில ஆவியாகி, மெழுகை நெருப்போட மேல தூக்கி எறியும். மூடினா காத்து இல்லாம அணைஞ்சுடும்.

பாரஃபின் மெழுகு 60 டிகிரி பக்கம் உருகிடும். கொதிக்கிற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கினா சூடு 100ஐத் தாண்டாது. நேரடி நெருப்புல வெச்சா 200 டிகிரி பக்கம் போயிடும், அப்போ வர்ற ஆவி அடுப்புத் தீயிலேயே பத்திக்கும். வாசனை எண்ணெய் 100 கிராம் மெழுகுக்கு 6லிருந்து 8 கிராம் போதும், கண்ணளவு வேண்டாம், சின்னத் தராசு ஒண்ணு வாங்கிக்குங்க. திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி வெச்சுட்டு ஏத்துங்க. கறுப்புப் புகை வந்தா திரி நீளம்னு அர்த்தம். முதல் தடவை ஏத்தும்போது மேல்மட்டம் ஓரம் வரைக்கும் உருகற வரை எரிய விடணும். பாதியில அணைச்சா அடுத்த தடவையிலிருந்து நடுவுல குழி விழுந்துதான் இறங்கும். அடியில ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திடுங்க, இல்லன்னா சூட்டுல கண்ணாடி விரிசல் விடும். சோயா மெழுகு 50 டிகிரி சுமாருக்கே இளகிடும். சென்னை மே மாசத்துல அது மேல வேர்த்துக்கிட்டு நிக்கும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

உப்பளக்காத்து

வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச ராத்திரிக்கப்புறம் வாரக்கணக்குல கரண்ட் இல்ல. பள்ளிக்கூடத் தரையில படுத்திருந்தோம். கொசுவுக்கு நொச்சித் தழையைக் கொளுத்திப் புகை போட்டாங்க. கூரை போன வீட்டை நெனச்சு எங்க பெரியம்மா அந்தப் புகைக்குள்ள உக்காந்து அழுதது இன்னும் காதுல கேக்குது.

போன மாசம் என் வீட்டுக்காரம்மா தலைவலி, சளிக்கு நல்லதுன்னு நொச்சி இலை அடைச்ச தலையணை ஒண்ணு ஆசையா தெச்சுக் கொடுத்தாங்க. தலை வெச்சேன். ஒரு நிமிஷம் கூடப் படுக்க முடியல. வெளியே திண்ணைக்குப் போயிட்டேன். அவங்களுக்குக் காரணம் தெரியாது. பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு அதைப் பிரிச்சுட்டாங்க.

நொய்யல்

பாரிமுனை அண்ணா, காவிரிக்கரை அவங்க அம்மா கையைப் பத்தி எழுதினாங்க. நீங்க திரி நீளம் சொல்றீங்க. உப்பளக்காத்து, வீட்டுல காரணத்தைச் சொல்லிடுங்க, பாவம் அவங்க.

என்னோடது அமுக்கரா, அதான் அஸ்வகந்தா. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு காலியாக் கெடந்துச்சு, சாயங்காலமானா நெஞ்சு படபடன்னு வரும். யாரோ சொன்னாங்கன்னு அமுக்கராப் பொடி வாங்கி ராத்திரி பால்ல ஒரு ஸ்பூன். ஆறு வருஷமா தைராய்டு மாத்திரை வேற போட்டுட்டு இருக்கேன். முதல் ரெண்டு வாரம் நல்ல தூக்கம். மூணாவது மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா இதயம் காதுக்குள்ள அடிக்குது, உள்ளங்கை ஈரம், மூணு கிலோ எடை குறைஞ்சுடுச்சு.

டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துட்டு, "வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, பொடி?"ன்னு கேட்டார். "இல்லைங்க"ன்னேன். மாத்திரை அளவைக் குறைச்சார். அடுத்த தடவையும் கேட்டார். அப்பவும் இல்லைன்னேன். மூணாவது தடவை அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தார், அழுதுட்டேன். அவர் திட்டவே இல்ல. தைராய்டு மாத்திரையோட அமுக்கரா சேர்ந்தா உடம்புல தைராய்டு அளவு ஏறிடலாம்னு பொறுமையா எடுத்துச் சொன்னார். பொடியை நிறுத்தினேன், ரெண்டு மாசத்துல சரியாச்சு. அந்த ரெண்டு "இல்லைங்க"தான் இன்னும் உறுத்துது. என்னைக் காப்பாத்தத்தான் ஒருத்தர் கேக்கறார், அவர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னேன்?

பொதிகைச்சாரல்

நொய்யல் அக்கா, வருத்தமா இருக்கு, ஆனா பழியை அமுக்கரா மேல போடாதீங்க. நீங்க சாப்பிட்டது வெறும் வேர்ப்பொடி. சித்த மருத்துவத்துல அமுக்கராச் சூரணம்னா கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, சர்க்கரை எல்லாம் அளவோட சேரும். நாடி பார்த்து, என்னென்ன மாத்திரை போடறீங்கன்னு கேட்டுத்தான் கொடுப்பாங்க. பி.எஸ்.எம்.எஸ்., அதாவது சித்த மருத்துவப் பட்டம், படிச்சவங்க அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவுல இருக்காங்க, அங்க போங்க. டென்மார்க் 2023ல அஸ்வகந்தாவுக்குத் தடை போட்டப்போ எல்லாரும் அதையே பகிர்ந்தாங்க. பேர் தெரியாத கடையில பொடி வாங்கி ஸ்பூன் கணக்குல சாப்பிடறதுக்கும் மருத்துவத்துக்கும் வித்தியாசம் இருக்கு. அதை யாரும் பகிரல.

அளவு ஏன் முக்கியம்னு நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஆச்சி ஜாதிக்காயை உரைகல்லுல ரெண்டு இழை இழைச்சு, விரல் நுனியால வழிச்சுப் பால்ல விடுவாங்க. அவ்வளவுதான். நான் ஹாஸ்டல்ல பரீட்சைப் பயத்துக்கு ஜாதிக்காய்ப் பொடியை ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடிச்சேன். சில மணி நேரம் கழிச்சு நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு, நெஞ்சு ஓடுது, செத்துடுவேன்னு நிச்சயமா நம்பினேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். ஆச்சியோட அந்த விரல் நுனிதான் மருந்து. பச்சைக் குழந்தைக்கே வசம்பு சுட்டு உரைச்சுக் கொடுத்து வளர்த்த ஊர் இது.

கராமா

பால்ல கசகசா அரைச்சுக் குடிச்சா நல்லாத் தூக்கம் வரும்னு அம்மா ஒரு பொட்டலம் கட்டிப் பெட்டியில வெச்சுட்டாங்க. திருச்சி ஏர்போர்ட் வாசல்ல கடைசியாப் பெட்டியைத் திறந்து பார்த்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. அமீரகத்துல கசகசா தடை செஞ்ச பொருள், பிடிச்சா ஜெயில். அங்கேயே அம்மா கையில திருப்பிக் கொடுத்தேன். "தூங்கறதுக்குத்தானேப்பா"ன்னு அம்மா முகம் விழுந்து போச்சு. வர்றவங்க தயவுசெஞ்சு மசாலாப் பொட்டலத்தையும் பாருங்க.

இரவுப்பணி

பொதிகைச்சாரல், நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பெரியவங்களுக்கு அளவு பத்தி நீங்க சொன்னதை ஏத்துக்கறேன். பச்சைக் குழந்தைக்கு வசம்பு வேண்டாம். அமெரிக்காவுல 1968லேயே உணவுல சேர்க்கக்கூடாதுன்னு விலக்கி வெச்ச பொருள் அது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்.

ஒரு ராத்திரி ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. வலிப்பு. காய்ச்சல் இல்ல, அடி படல. என்ன ஆச்சுன்னு வீட்டுல யாருக்கும் தெரியல. உமிழ்நீரைத் துடைக்கக் குனிஞ்சேன். அந்தக் குழந்தை வாயிலிருந்து கோயில் வாசனை வந்துச்சு. கற்பூரம். வீடு அமைதியா இருக்கணும்னு அந்த அம்மா தினம் சாயங்காலம் கிண்ணத்துல கற்பூரமும் கிராம்பும் வெச்சு ஏத்துவாங்களாம். மீதி வில்லைகள் தரையில இருந்திருக்கு. குழந்தை கல்கண்டுன்னு நெனச்சு வாயில போட்டிருக்கு. பிழைச்சுடுச்சு. ஆனா கற்பூரம் கொளுத்தற இடத்துல இப்பவும் என் கண்ணு முதல்ல தரையைத்தான் தேடுது.

கற்பூரம் முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. சில நிமிஷத்துலயே வலிப்பு வரலாம். நேரா ஆஸ்பத்திரி. ரெண்டு வயசுக்குள்ள குழந்தைங்க நெஞ்சுல கற்பூரம் கலந்த எண்ணெயும் தடவாதீங்க. இன்னொண்ணு, இங்க சில பேர் தூக்கம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. வாரக்கணக்குல அப்படியே போச்சுன்னா 14416க்குப் பேசுங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

பனங்கூடல்

யாழ்ப்பாணம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கடையில மெழுகுதிரி இருந்தாலும் விலை கேக்கேலாது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு, அதான் பதினோராம் வகுப்புப் பரீட்சைக்கு, படிச்சுக்கொண்டிருந்தவள், வெளிச்சம் இல்லையெண்டு ஒரே அழுகை. அம்மம்மா கோயிலில எரிஞ்சு மிஞ்சின துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா. பால்மாத் தகரப் பேணியில போட்டு உருக்கி, பழைய வேட்டியைக் கிழிச்சுத் திரி முறுக்கி, பப்பாசி இலைத் தண்டுக்குழலுக்குள்ள ஊத்தினவ. ஆறினாப் பிறகு கத்தியால தண்டைக் கீறி விரிச்சா, உள்ளுக்குள்ள இருந்து வளைஞ்ச ஒரு திரி வரும், மேல பச்சைக் கோடுகளோட. மகள் அழுகையை விட்டிட்டு அதைக் கையில வாங்கி மணந்து பாத்தாள்.

அம்மம்மா அடுத்த வருசம் போயிட்டா. மகள் உயர்தரம் படிக்கேக்க, கறண்ட் எல்லாம் இருக்கத்தக்கதா, "அம்மா, அந்தத் திரி ஒண்டு செய்து தாங்கோ"வெண்டு கேட்டாள். மூண்டு தரம் ஊத்திப் பாத்தன். எனக்குத் தண்டின்ர அடியால மெழுகு ஒழுகுது. அவ அடியை என்னத்தால அடைச்சவ எண்டு நான் அப்ப பாக்கேல்லை.

பாரிமுனை மோல்டு

பனங்கூடல், பிசைஞ்ச களிமண் இல்லன்னா மைதா மாவை அடியில அப்பிப் பாருங்க. தண்டைக் குளிர்ந்த தண்ணியில நிறுத்தி வெச்சுட்டு ஊத்துங்க, அடி மெழுகு முதல்ல இறுகிடும். நொய்யல் சொன்னது சரிதான். காவிரிக்கரை, மன்னிச்சுக்குங்க. அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

காவிரிக்கரை

மன்னிப்பெல்லாம் எதுக்கு, திரியை வெட்டித்தான் இப்ப ஏத்தறேன்.

நேத்து ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். என்னோடது வந்தப்போ நிறுத்திட்டு, அது அப்பா தொட்டிப் பூம்மான்னேன். "தெனமும் அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறது நான்தானே. பூ காணாமப் போறது எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. அப்புறம் மீதி இதழ் எங்கன்னு கேட்டாங்க. ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளைத் துணியில கொட்டி முடிஞ்சு, பீரோவைத் திறந்து, அப்பா வேட்டிக்கும் அவங்க கூறைப்புடவைக்கும் நடுவுல வெச்சுட்டாங்க.