ஹேடீஸ் அவ்வளவு கெட்டவரா?

கேள்வி: கிரேக்கப் பாதாளத்தை ஆளும் ஹேடீஸை ஏன் எல்லாரும் வில்லனாகவே பார்க்கிறார்கள்? உயிரை எடுப்பதும் அவர்தானா?

பதில்: இல்லை. உயிரை எடுப்பது சாவின் தெய்வமான தனடோஸ். இறந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது மினோஸ் உள்ளிட்ட மூவர். ஹேடீஸ் அந்த நாட்டுக்கு அரசர், அவ்வளவுதான். அதுவும் அவர் கேட்டு வாங்கியதில்லை. அண்ணன் தம்பி மூவரும் சீட்டுக் குலுக்கியதில் ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், இவருக்கு இருட்டு.

இன்னொரு பதில்: சரி, அப்போ பெர்செபோனி? பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தேரில் தூக்கிப் போனாரே, அலறியும் விடவில்லையே! திருப்பி அனுப்பும்போதும் மாதுளை விதையை நைசாகத் தின்னக் கொடுத்தார். பாதாளத்தில் எதையாவது தின்றவர் அதற்குக் கட்டுப்பட்டவர்; அதனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழேதான். இதை என்னால் மன்னிக்கவே முடியாது.

முதலில் பதில் சொன்னவர்: நியாயம்தான். ஆனால் அதற்குச் சம்மதம் கொடுத்தது பெற்ற தகப்பன் ஜீயஸ். தாய் டெமிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கோபம் முதலில் ஜீயஸ் மேல்தான்.