லேபர் வார்டு அனுபவத்தோட டெலிமெடிசின் வேலை: நர்ஸ் எதுவரைக்கும் பேசலாம்?

மயிலை_நர்ஸ்:
பி.எஸ்சி நர்சிங், லேபர் வார்டில் 7 வருஷம், நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கு. சென்னையில் வீட்டிலிருந்தே பெண்கள் நல டெலிமெடிசின் (போன், வீடியோ வழியா மருத்துவ ஆலோசனை) வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. விளம்பரத்தில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’னு (மேல்பயிற்சி முடிச்ச நர்ஸுக்கான பட்டம்) போட்டிருக்கு. மருந்து நாமளே சொல்லலாமா? தொட்டுப் பார்க்காம எதை வச்சு முடிவெடுக்கிறது?

சட்டம்_பார்த்துப்_பேசு:
பேரைப் பார்த்து மயங்காதீங்க சிஸ்டர். 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் பதிவு பெற்ற டாக்டருக்கானது. மருந்துச் சீட்டு எழுதுறது அவர் மட்டும்தான். நர்ஸ் விவரம் கேட்கலாம், டாக்டரோட இணைக்கலாம், அவர் சொன்னதைப் புரிய வைக்கலாம். 18 மாத மிட்வைஃபரி (பிரசவ கவனிப்பு) நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தனி. அதை முடிக்காம அந்தப் பட்டத்தை பேரோட சேர்த்துக்காதீங்க.

வழிகாட்டுதலில் ‘ஏ’ பட்டியல் மருந்தை முதல் கன்சல்ட்லயே எழுத வீடியோ வேணும். அதனால ஆடியோவில் வர்றவங்களை முன்கூட்டியே வீடியோவுக்கு மாத்துங்க. கருக்கலைப்பு மாத்திரை கேட்டா பேரோ டோஸோ வாயில் வரக் கூடாது. எம்டிபி சட்டப்படி (கருக்கலைப்புச் சட்டம்) தகுதியுள்ள டாக்டரை நேரில் பார்க்கச் சொல்லுங்க. அமெரிக்க நோயாளிகளுக்கு வேலைன்னா, அவங்க இருக்கிற மாநிலத்தின் உரிமம் வேணும். என்கிளெக்ஸ் (அங்கே நர்ஸ் உரிமத்துக்கான தேர்வு) பாஸ் பண்ணினா மட்டும் அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிட முடியாது.

எழும்பூர்_அக்கா:
இந்த வேலையில் கேள்வியோட வார்த்தைதான் கருவி. ‘பீரியட்ஸ் கடைசியா எப்போ?’ன்னா பலர் தலைக்குக் குளிச்ச நாளைச் சொல்வாங்க. மூணு நாலு நாள் பிசகும். ‘முதல்ல ரத்தம் பட்ட நாள் எது?’ன்னு கேளுங்க. ‘ஏழு மாசம்’னா முடிஞ்சதா, நடக்குதா? மாசத்தை நம்பாம முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிற பிரசவத் தேதியைப் படிக்கச் சொல்லி, வாரத்தில் எழுதுங்க.

‘துடிப்பு கம்மியா இருக்கு’ன்னா அவங்க சொல்றது இதயத் துடிப்பு இல்ல, குழந்தை அசையறது. 28 வாரத்துக்கு மேல இதைக் கேட்டா, ‘ஜூஸ் குடிச்சிட்டு நாளைக்குப் பாருங்க’ன்னு தேத்தாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

‘ரத்தம் அதிகமா போகுதா?’ன்னு கேட்டா ஒண்ணும் தெரியாது. ‘கடைசியா பேட் மாத்தினது எத்தனை மணிக்கு? முழுசா நனைஞ்சிருந்ததா? எலுமிச்சம்பழம் சைஸுக்குக் கட்டி வந்ததா?’ பிரசவத்துக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேட் முழுசா நனைஞ்சா பேச்சை வளர்க்காதீங்க, 108. நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமா அடிவயிறு வலிச்சா, லேசா பட்டாலும் சரி, மயக்கம் வந்தாலும் சரி, கரு குழாயில் தங்கியிருக்கலாம். போன்ல தீராது.

இன்னொண்ணு: முதல் கேள்வியே ‘இப்போ எங்க இருக்கீங்க?’ வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க. ரெக்கார்டில் வேளச்சேரி, ஆள் திருவண்ணாமலையில். 108-க்கு அந்த ஊர் அடையாளம்தான் வேணும்.

மயிலை_நர்ஸ்:
நன்றிக்கா. வீட்டில் பிபி பார்த்து சொல்றாங்களே, அதை நம்பலாமா?

எழும்பூர்_அக்கா:
நம்பலாம், எப்படிப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா. கை சுற்றளவை டேப்பில் அளக்கச் சொல்லுங்க. பெரும்பாலான மெஷினோட வர்ற கஃப் (கையில் சுத்துற பட்டை) 22–32 செ.மீ. கைக்கானது. பருத்த கைக்கு அது சின்னது, அளவு அதிகமா காட்டும். முதுகைச் சாய்ச்சு, பாதம் தரையில் படிய உட்கார்ந்து 5 நிமிஷம் பேசாம இருக்கணும். கை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை. ரெண்டு தடவையும் 140/90 தொட்டா, இல்ல அதுக்கு மேலேன்னா அன்னைக்கே டாக்டர். 160/110 தொட்டா, இல்ல தலைவலி, கண் மங்கல், மேல்வயிறு வலி இருந்தா உடனே ஆஸ்பத்திரி. குழந்தை பிறந்து 6 வாரம் வரைக்கும் இதே கணக்குதான். பிரசவம் ஆயிடுச்சேன்னு பலர் விட்டுடறாங்க.

கருத்தடை மாத்திரை ரீஃபில் கேட்டு வந்தாலும் பிபி, கண்ணில் மின்னல் தெரிஞ்சு வர்ற ஒத்தைத் தலைவலி, காலில் ரத்தம் உறைஞ்சது, பிரசவமாகி எத்தனை வாரம், இது நாலையும் எழுதி டாக்டருக்கு அனுப்புங்க.

ரவுட்டர்_ராணி:
வீட்டு ஏற்பாடு: ரவுட்டருக்கு தனி மினி யுபிஎஸ், வேற கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட். மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்தா யுபிஎஸ் மட்டும் காப்பாத்தாது. மைக் வச்ச ஹெட்செட் இல்லேன்னா குக்கர் விசில்தான் அவங்களுக்குக் கேட்கும். சொந்த வாட்ஸ்அப்பில் படம் வாங்காதீங்க, கேலரியில் போய் உட்காரும்.

பக்கத்தில் மாமியார் இருந்தா பதில் மாறும். ‘ஸ்பீக்கர்ல இருக்கா?’ன்னு கேட்டு, ‘ஆமா–இல்ல’ன்னு மட்டும் பதில் சொல்ற மாதிரி கேள்வியை மாத்துங்க. அடி, உதை சம்பந்தமான கேள்வின்னா அதுவும் வேண்டாம். அவங்க தனியா இருக்கிற நேரம் கேட்டு, நீங்களே திருப்பிக் கூப்பிடுங்க.