புதுப்பிப்பு: காவலர்களைப் பற்றி நான் கேட்டதும் நீங்கள் சொன்னதும்

காவலர்களை நேரில் சந்தித்த அனுபவம் உங்கள் கருத்தை எப்படி மாற்றியது என்று முன்பு கேட்டிருந்தேன். திருடுபோன கைப்பேசிக்காகப் புகார் கொடுக்கச் சென்ற என்னை ஓர் அதிகாரி நிற்க வைத்தே அதட்டி விசாரித்ததையும் அதில் எழுதியிருந்தேன்.

கைப்பேசி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது அந்தப் புகாரைக் கவனிக்கும் வேறோர் அதிகாரி, என்னை உட்கார வைத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டு, தம்மால் எது முடியும், எது முடியாது என்பதை மறைக்காமல் விளக்கினார். பொருள் திரும்பாவிட்டாலும் என் மனக்குறை பெருமளவு தணிந்தது.

உங்கள் பதில்களிலும் இதையே கண்டேன்: அபராதம் கட்டியவர்கள்கூட, மரியாதையாக நடத்தப்பட்டிருந்தால், கசப்பின்றி எழுதியிருந்தார்கள். முடிவு நமக்குச் சாதகமா என்பதைவிட, நம்மை நடத்திய விதம் நியாயமா என்பதே நம்பிக்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். காவல்துறையை ஆராயும் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் வெஸ்லி ஸ்கோகன் 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் கவலை தருகிறது; அதன்படி, கசப்பான சந்திப்பின் தாக்கம் நல்ல சந்திப்பினுடையதைவிட 4 முதல் 14 மடங்கு வரை பெரிதாக இருந்தது. அப்படியென்றால் ஒருவரின் அதட்டலை ஈடுகட்ட எத்தனை பேர் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கும்!

இரண்டாம் அதிகாரியைப் பாராட்டியும் முதலாமவரின் நடத்தையைக் குறிப்பிட்டும் மேலதிகாரிக்குக் கடிதம் அனுப்பியுள்ளேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.