டெட்ராய்ட்டில் 1,20,000 டாலர் வீடு: வாங்கலாமா, எந்தப் பேட்டையில்?

ஆற்றங்கரை
கார் தொழிற்சாலை வேலை, இடம் டெட்ராய்ட். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. ட்ராய், நோவை போன்ற புறநகர்கள் பக்கம் விலை எட்டவில்லை. நகருக்குள் 1,20,000 டாலருக்குச் செங்கல் வீடுகள் இருக்கின்றன. வாங்கலாமா? எந்தப் பேட்டை?

செங்கல்சூளை
வாங்குங்கள். 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர்தான். ஆள் குறைந்ததால் விலை இறங்கியது, கட்டுமானம் மட்டம் என்பதால் அல்ல. பேக்லி, ரோஸ்டேல் பார்க், ஈஸ்ட் இங்கிலிஷ் வில்லேஜ் மூன்றிலும் கெட்டியான பழைய வீடுகள் உண்டு.

ஆனால் பேட்டைப் பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒரு பிளாக் நிறைந்திருக்கும், அடுத்ததில் பாதி வீடு காலி. இரு பக்கமும், எதிர்வரிசையும், பின்சந்தும் நடந்தே பாருங்கள். வெளிச்சுவரில் கேஸ் மீட்டரைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் அடைத்திருந்தால், ஜன்னலில் திரை தொங்கினாலும் அங்கே ஆள் இல்லை. காலி மனையில் யாரோ புல் வெட்டியிருந்தால் அந்தப் பிளாக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பனி பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. பனி வாராத வாசல்களை எண்ணினாலே நிலவரம் தெரிந்துவிடும்.

நொய்யல்
விலையைச் சொன்னீர்கள் சார், ஆண்டுச் செலவைச் சொல்லவில்லையே. விற்பவர் காட்டும் சொத்து வரி ரசீதை நம்பி யாரும் கணக்குப் போடக் கூடாது. மிச்சிகனில் வீடு ஒருவர் கையிலேயே இருக்கும்வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. கைமாறினால் அடுத்த ஆண்டே அந்த உச்சவரம்பு போய்விடும். வரி மதிப்பு சந்தை விலையில் பாதிக்கு வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு அது 60,000. ஆயிரத்துக்குச் சுமார் 67 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு நாலாயிரம். அதுவும் சொந்தக் குடியிருப்புச் சலுகைக்கு விண்ணப்பித்தால்தான். விட்டுவிட்டால் ஆயிரத்துக்கு இன்னொரு 18 டாலர், அதாவது 1,080 கூடுதல். விண்ணப்பிக்கக் கோடை வரிக்கு ஜூன் 1, குளிர்கால வரிக்கு நவம்பர் 1 கடைசி நாள்.

இதற்கு மேல் நகர வருமான வரி 2.4 சதவீதம். கார் இன்சூரன்ஸ் சட்டத்தை 2019-இல் திருத்திய பிறகும் நகர முகவரிக்குத் தொகை அதிகம்தான். வீட்டு முகவரியைக் கொடுத்துக் கொட்டேஷன் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வருஷம் ஃபெர்ண்டேல், ஓக் பார்க், டியர்பார்ன் போன்ற புறநகர்கள் பக்கம் வாடகைக்கு இருந்து, ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் சரி.

செங்கல்சூளை
வருமான வரியில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். புறநகரில் குடியிருந்தாலும் வேலை நகருக்குள் என்றால் 1.2 சதவீதம் கட்டியே ஆக வேண்டும். 90,000 சம்பளத்துக்கு வித்தியாசம் ஏறத்தாழ 1,080 டாலர். புறநகர் வாடகை அதைவிட அதிகமாகவே விழுங்கிவிடும்.

குழாயடி
இரண்டு பேரும் வரியைப் பற்றியே பேசுகிறீர்கள், பேஸ்மென்டுக்கு, அதாவது நிலவறைக்கு, யாரும் இறங்கவில்லை. அங்கேதான் ஆயிரக்கணக்கில் பணம் போகும்.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் ஊர் இது. பெருமழையில் அது நிரம்பினால் பேஸ்மென்ட் தரை வடிகால் வழியாகச் சாக்கடை மேலே வரும். 2014 ஆகஸ்டிலும் 2021 ஜூனிலும் அப்படித்தான் ஆனது. வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை உள்ள இணைப்பு உங்கள் பொறுப்பு. பழைய வீடுகளில் அது துண்டு துண்டாகச் சேர்த்த சுட்டமண் குழாய். மூட்டுகளில் மர வேர் நுழைந்து அடைக்கும். சாதாரண வீட்டுப் பரிசோதனையில் இது வராது. தனியாகக் கேமரா விடச் சொல்லி, தெருக்குழாயைத் தொடும்வரை வீடியோ கேளுங்கள். சுவரில் ஒரே உயரத்தில் நீர்க்கறையும், புதிதாக வெள்ளையடித்த அடிப்பகுதியும் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் சாக்கடை எதிரேறுவதை ஏற்காது, அதற்குப் பாலிசியோடு தனியாக ஒரு கூடுதல் காப்பீடு எடுக்க வேண்டும். ஆற்று வெள்ளத்துக்கு வேறு பாலிசி. ஜெஃபர்சன் சாமர்ஸ் பக்கம் கால்வாய் ஓர வீடு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

குடிநீர்: சுவரைத் துளைத்து மீட்டருக்கு வரும் குழாயைச் சாவியால் சுரண்டுங்கள். மெத்தென்று சுரண்டப்பட்டு வெள்ளியாக மினுங்கி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. குழாய். அது உள்ளே துருவேறிக் குறுகியிருக்கும். மாடிக் குளியலறைக் குழாயைத் திறந்துகொண்டே ஃப்ளஷ் செய்தால் நீர் மெலிவது தெரியும். ஈயக் குழாயை மாற்றுவது 2018 மாநில விதிப்படி நீர் வாரியத்தின் செலவு. ஆனால் உங்கள் தெருவின் முறை வரும்வரை ஈயத்தை நீக்கும் என்று என்.எஸ்.எஃப் 53 தரச்சான்றுள்ள ஃபில்டர் போடுங்கள். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது.

நொய்யல்
குழந்தை இருப்பதால் இன்னொன்று. 1978-க்கு முந்திய வீட்டில் ஈயப் பெயிண்ட் இருக்கக்கூடும். ஏற்றி இறக்கும் மர ஜன்னல் உராயும்போது அந்தத் தூள் விளிம்பில் படியும். தவழ்ந்து எழுந்து நிற்கும் குழந்தை பிடித்துக்கொள்வது அதே விளிம்பைத்தான். வாங்குகிறவருக்கு ஈயச் சோதனைக்கு 10 நாள் கேட்கச் சட்டமே இடம் தருகிறது.

செங்கல்சூளை
வாடகை வீட்டிலும் அதே ஜன்னல்தானே அம்மா? நகருக்குள் வாடகை என்றால் உரிமையாளரிடம் நகராட்சியின் இணக்கச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆற்றங்கரை
கைவிடப்பட்ட வீடுகளை விற்கும் பொது அமைப்பான லேண்ட் பேங்கின் ஏலத்தில் 1,000 டாலரிலிருந்து தொடங்குகிறார்களே?

குழாயடி
கைக்குழந்தையோடு வேண்டாம். ஆறு மாதத்துக்குள் குடியிருக்கத் தக்கதாக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. செம்புக் குழாய், வயர், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எல்லாம் திருடு போயிருக்கும். தண்ணீரை வடிக்காமல் ஒரு குளிர்காலம் பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய்கள் வெடித்திருக்கும்.

நொய்யல்
தவணை கட்டி வாங்கும் லேண்ட் கான்ட்ராக்டிலும் எச்சரிக்கை. கடைசித் தவணை வரை பத்திரம் விற்பவர் பேரில்தான் இருக்கும். தவறினால் கட்டியது போகும். வாடகை என்ற என் யோசனையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. வாங்கியே தீருவது என்றால் கேமரா சோதனை, ஈயச் சோதனை, வில்லங்க இன்சூரன்ஸ் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதுங்கள்.

செங்கல்சூளை
அதில் எனக்கும் மறுப்பில்லை. நான்காவதாக வங்கி மதிப்பீட்டையும் சேர்க்கச் சொல்வேன். பக்கத்து விற்பனைகள் குறைவாக இருந்தால் மதிப்பீடு உங்கள் விலைக்குக் கீழே வரும், வங்கி அந்த அளவுக்குத்தான் கடன் தரும். நிபந்தனை இல்லாவிட்டால் குறையும் தொகை முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும்.