மலைக் குளிரில் மாமாக் கடைச் சாப்பாடு

ஊட்டிக்காரர்:
மலேசியாவின் மாமாக் கடைகளில் கிடைக்கும் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறும் சம்பல் என்ற மிளகாய் விழுதும்) மலையில் செய்தால் முதலில் சொதப்புவது சோறுதான். இங்கே 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த சட்டியில் தேங்காய்ப்பாலோடு வைத்தால் அடி பிடிக்கும், அரிசியின் நடு நறுக்கென்று நிற்கும். அரை மணி ஊறிய பச்சரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் ஒரு டம்ளர், கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர், உப்பு, இஞ்சித் துண்டு, முடிச்சுப் போட்ட ரம்பை இலை இரண்டு. பாத்திரத்தோடு குக்கருக்குள் வைத்து 20 நிமிஷம். குக்கரிலேயே நேராகக் கொட்டினால் பால் திரிந்து அடியில் ஒட்டும்.

கேத்தி அக்கா:
சோறு சரி, சம்பலை விட்டுட்டீங்களே அண்ணே! வற்றல் மிளகாயை விதை நீக்கி ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்கணும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. பெலாச்சான் (இறால் விழுது) கிடைக்கலையா, சென்னாக்குன்னியை (பொடி இறால் கருவாடு) வறுத்துப் பொடித்துப் போடுங்க. மணம் ஒரு மாற்றுக் குறைவுதான். நெத்திலிக் கருவாட்டையும் கடலையையும் காலையிலேயே வறுத்து வைக்கிற கடையில் மதியத்துக்குள் நமத்துப்போகும், மூடுபனி அப்படி. தட்டுப் போடும்போது பொரிக்கச் சொல்லுங்க.

குன்னூர் பரோட்டா மாஸ்டர்:
ரொட்டி சானாய்க்கு மைதா அரை கிலோ, தண்ணீர் 280 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் இரண்டு கரண்டி, உப்பு. 80 கிராம் உருண்டைகளை எண்ணெயில் முக்கி ஊறவிடணும். கீழே நாலு மணி நேரம் போதும். இங்கே ராத்திரி முழுக்க, அதுவும் அடுப்புப் பக்கம். குளிர்ந்த மாவை வீசினால் விரியாமல் சுருங்கும். டால்டா மட்டும் தடவினால் கல்லாக உறைந்து மாவைக் கிழிக்கும். பாதி எண்ணெய் கலக்கணும். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் தட்டினால்தான் மடிப்பு பிரியும். பரோட்டாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் சால்னா கிடையாது, பருப்புக் குழம்பு.

கொடைக்கானல் டீக்கடை:
தே தாரிக்குக்கு (நுரை பொங்க ஆற்றுகிற பால் டீ) நம்ம நீலகிரி சிடிசி டஸ்ட், அதாவது தூள் தேயிலை, கச்சிதம். இலைத் தேயிலை போட்டால் பாலில் அமுங்கிவிடும். மலையில் சாயம் மெதுவாகத்தான் இறங்கும், சிறு தீயில் கூடுதலாக இரண்டு நிமிஷம் விடுங்க. ஆற்றுவது மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். நுரை வருமுன்னே டீ ஆறிப்போகும். இரண்டு குவளையையும் வெந்நீரில் சூடாக்கிக்கணும்.

கேத்தி அக்கா:
மலேசியா போறவங்களுக்கு ஒண்ணு. தமிழ் முஸ்லிம்கள் நடத்துற கடையைத்தான் அங்கே மாமாக் என்பாங்க, நம்ம 'மாமா'தான் அது. 'தே ஓ' கேட்டால் பால் இருக்காது, சீனி இருக்கும். சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'.