3 மீட்டர் ஃபில்லிங்குக்கு ஒரு பிளேட் லோடு டெஸ்ட் போதுமா?

சைட்_பையன்: குடோன் வேலை சார். பழைய வயல் களிமண் மேல 3 மீட்டர் கிராவல் நிரப்பி ரோலர் ஓட்டியாச்சு. ஃபூட்டிங் (தூணுக்கு அடியில வர்ற அடித்தளம்) 2 மீட்டர் சதுரம், 1 மீட்டர் ஆழத்துல உட்காரும். 300 மி.மீ. இரும்பு பிளேட்டை மண்ணு மேல வச்சு பாரம் ஏத்தினதுல டிசைன் லோடுக்கு 5 மி.மீ.தான் இறங்குச்சு. "மண்ணு பாஸ்"ங்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

கருங்கல்: தாராளமா. ஐ.எஸ். 1888 (இந்த டெஸ்ட்டுக்கான இந்தியத் தரநிலை) படி எடுத்திருந்தா அதைவிட நேரடியான டெஸ்ட் ஏது தம்பி? எஸ்.பி.டி. (துளைக்குள்ள சுத்தியலால அடிச்சு மண்ணோட இறுக்கம் பாக்கிற டெஸ்ட்) எண்ணை வச்சுப் போடுற கணக்கெல்லாம் பாதி ஊகம். அந்த 5 மி.மீ.யை மணலுக்கான டெர்ஸாகி-பெக் சூத்திரத்துல போடு, உன் ஃபூட்டிங்கோட இறக்கம் 15 மி.மீ. வரும். வழக்கமா வைக்கிற 25 மி.மீ. வரம்புக்குள்ளதானே?

ஆழம்: சூத்திரம் சரி, மண்ணு முழுக்க மணல் மாதிரி இருந்தா. பிளேட்டோட அழுத்தம் அதோட அகலத்துல சுமார் ரெண்டு மடங்கு ஆழம் வரைக்கும்தான் உறைக்கும். 300 மி.மீ. பிளேட்டுக்கு 60 செ.மீ. ஃபூட்டிங்குக்கு 4 மீட்டர். அதுல கீழ்ப்பாதி வயல் களிமண். ஃபில்லிங்கே சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல அழுத்துது. களிமண் தண்ணியை விட்டு அடங்க மாசக்கணக்காகும், சமயத்துல வருஷக்கணக்கு. டெஸ்ட் ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்!

கருங்கல்: களிமண் கதை வேற சார். ரோலர் வேலை சரியாங்கிறதுதான் இங்க கேள்வி.

ஆழம்: அதுக்கும் பதில் வரலையே. அடியில ஒரு லேயரை 60 செ.மீ. கனத்துக்குக் கொட்டி உருட்டியிருந்தா பிளேட்டுக்குத் தெரியவா போகுது? தம்பி, லேயர்வாரியா மணல் மாற்று முறையில (குழி தோண்டி, அதை மணலால நிரப்பி அளக்கிறது) அடர்த்தி எடுத்தீங்களா? 95 சதவீத ப்ராக்டர் (லேப் டெஸ்ட்ல வர்ற உச்ச அடர்த்தியில 95 சதவீதம்) வந்துச்சா? டெஸ்ட் எந்த மாசம்? ஈரம் பத்தாம உருட்டின மண்ணு கோடையில விறைப்பா நிக்கும், ஐப்பசி மழையில ஊறினா சட்டுனு இறங்கும்.

சைட்_பையன்: மே மாசம் சார். அடர்த்தி ரிப்போர்ட் மேல ரெண்டு லேயருக்குத்தான் இருக்கு.

கருங்கல்: அட! அப்ப ஃபூட்டிங் மட்டத்துல குழி வெட்டி, தண்ணி விட்டு ஊறவச்சு, 750 மி.மீ. பிளேட்ல திரும்ப எடு.

ஆழம்: அதுவும் ஒன்றரை மீட்டர் ஆழம் வரைக்கும்தான் உறைக்கும். முதல்ல களிமண்ணைத் தாண்டி ரெண்டு போர்ஹோல் போட்டு, மாதிரி எடுத்து கன்சாலிடேஷன் டெஸ்ட்டுக்கு (பாரத்துல களிமண் எவ்வளவு அடங்கும்னு பாக்கிறது) அனுப்புங்க. அடி லேயரோட இறுக்கம் அங்க எடுக்கிற எஸ்.பி.டி.லயே ஓரளவு தெரிஞ்சிடும். குடோன் தரையை வேற மறந்துடாதீங்க. மூட்டை அடுக்கினா ஃபூட்டிங்கைவிட ஆழமா அழுத்தும்.

சைட்_பையன்: போர்ஹோல் செலவு யார் தலையில சார்?

கருங்கல்: அக்ரிமென்ட்டைப் பாரு தம்பி.