67 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்: தரை இத்துப்போச்சு, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஓஹையோ_கதிர்

வணக்கம். 1967 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், 289 வி8. சாலையில் உப்புத் தூவுற ஊர்ல பல குளிர்காலம் ஓடின வண்டி. இப்போதைய நிலைமை:

டிரைவர் கால் வைக்கிற இடத்துல கை நுழையுற அளவு ஓட்டை. பயணி பக்கத் தகடு பார்க்க நல்லா இருக்கு, ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ளே போகுது. ரெண்டு ராக்கர் பேனலும் (கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டித் தகடு) கீழ் விளிம்புல பொடிஞ்சு கொட்டுது. பின் சக்கர வளைவு மேல பெயின்ட் கொப்பளிச்சிருக்கு. விண்ட்ஷீல்ட் ரப்பர் புதுசு, ஆனாலும் மழை பெஞ்சா கார்ப்பெட் நனையுது.

எஞ்சின், கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. 120 வோல்ட் மிக் (ஒயர் ஊட்டுற) வெல்டிங் மெஷின் இருக்கு. ஃப்ளோர் பேனை (தரைத் தகடு) முழுசா மாத்தணுமா, பேட்ச் போதுமா? ஃபைபர்கிளாஸ் பாய் போட்டு ரெசின் ஊத்தினா தாங்கும்னு ஒருத்தர் சொல்றார். மொத்த பாடியையும் சாண்ட்பிளாஸ்ட் பண்ணிடலாமா?

---

தகடும்தணலும்

ஃபைபர்கிளாஸ் வேண்டவே வேண்டாம். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். தரையும் ராக்கரும் சேர்ந்துதான் வண்டியை வளையாமல் பிடித்திருக்கின்றன. துருவின் மேல் ரெசின் ஊற்றினால் ஈரம் நடுவில் மாட்டிக்கொண்டு, மிச்சத் தகட்டையும் தின்றுவிடும். பாரம் தாங்கவும் தாங்காது.

ஆனால் தரையைத் தொடுவதற்கு முன்னால் கவ்லை (விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கிற காற்றுப் பெட்டி) பாருங்கள். கார்ப்பெட் நனைவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். விண்ட்ஷீல்டுக்குக் கீழே காற்றுப் போகிற பிளவுகள் இருக்கின்றன அல்லவா, அதற்கு அடியில் இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்ட் (புள்ளி புள்ளியாக வெல்ட்) செய்து பெட்டி மாதிரி மூடியிருப்பார்கள். உள்ளே ஹீட்டருக்கும் டிரைவர் பக்கக் காற்றுக்கும் இரண்டு ஓட்டைகள், அவற்றைச் சுற்றி மேல் நோக்கி நிற்கும் கழுத்து. தண்ணீர் கழுத்துக்கு வெளியே ஓடி இரு ஓரமும் வடிய வேண்டும். இலையும் மண்ணும் அங்கே தங்கி ஊறிக்கொண்டே இருப்பதால் கழுத்தின் அடி இத்துப்போகும். பிறகு மழைத் தண்ணீர் நேராகத் தரைக்குத்தான் இறங்கும்.

சோதனை சுலபம். ஹீட்டர் பெட்டியையும் டிரைவர் பக்கக் காற்றுக்குழாயையும் கழற்றிவிட்டு, ஒருவர் ஹோஸில் மெதுவாக அந்தப் பிளவுகளில் மட்டும் தண்ணீர் விடட்டும், கண்ணாடி மேல் படக்கூடாது. இன்னொருவர் டாஷுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்க்கட்டும். கழுத்தைச் சுற்றி ஒழுகினால் முடிவு தெரிந்துவிட்டது.

சீலன்ட் தடவி ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடி கிடைக்கிறது, அது தற்காலிகம்தான். சரியான வேலை என்றால் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), ஹூட் (பானெட்), விண்ட்ஷீல்ட் எல்லாம் கழற்றி, மேல் கவ்லின் ஸ்பாட் வெல்டுகளை 8 மிமீ ஸ்பாட் வெல்ட் கட்டரால் எடுக்க வேண்டும். கட்டர் மேல் தகட்டை மட்டும் வெட்டவேண்டும், அடித்தகட்டில் இறங்கக்கூடாது. கீழ்ப் பெட்டியைச் சரிசெய்து, எபாக்ஸி ப்ரைமர் அடித்து, இணைப்புகளில் சீம் சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை) போட்டு, மூடுவதற்கு முன் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேல் தகட்டை வெல்ட் செய்வதற்கு முன்னால் விண்ட்ஷீல்டையும் ஃபெண்டரையும் வைத்துப் பொருத்தம் பார்த்தே ஆகவேண்டும். கவ்ல் ஒழுகும்போது புதுத் தரை போடுவது வீண் செலவு.

---

ராக்கர்ராஜன்

கவ்ல் பத்தி மேல சொன்னது அத்தனையும் சரி. நான் தரைக்கு வர்றேன்.

முதல்ல வண்டியை எங்கே தாங்குறீங்கன்னு பாருங்க. முன்னாடி ஃப்ரேம் ரெயில் (பாடியோடயே சேர்ந்த பெட்டிச் சட்டம்), பின்னாடி ஆக்ஸில், அதாவது பாரம் வழக்கமா விழுற இடங்கள்லயே ஸ்டாண்டு இருக்கணும். கதவை மாட்டி, இடைவெளி சீரா இருக்கான்னு பார்த்துட்டு, 25 மிமீ சதுரக் குழாயைக் கதவு வாசலுக்குக் குறுக்கேயும், இடது வலது தூண்களுக்கு நடுவேயும் வெல்ட் பண்ணுங்க. மூலைவிட்டம் ரெண்டையும் அளந்து சாக்பீஸ்ல எழுதி வைங்க. ரெண்டு ராக்கரையும் ஒரே நேரத்துல வெட்டாதீங்க, ஒண்ணை முழுசா முடிச்சுட்டு அடுத்தது. வெளி ராக்கர் போனா பரவாயில்லை, உள் ராக்கர் போயிருந்தா அதுதான் முதல் வேலை.

முன் ஃப்ரேம் ரெயில் தரைக்கு அடியில தொடர்ந்து வரும். அதையும் டார்க் பாக்ஸையும் (ஃப்ரேம் ரெயிலை ராக்கரோட இணைக்கிற பெட்டி) சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா தகடு இருக்கு. மொத்தையா கேட்டா உள்ளே துருதான்.

பேட்சா முழுசான்னு கேட்டீங்க. நீங்க சொல்ற நிலைமைக்கு ரெண்டு பக்கமும் நீள பேன் வாங்கிடுங்க. அஞ்சாறு பேட்ச் ஒட்டுற நேரத்துல ஒரு முழு பேன் போட்டுடலாம், இணைப்பும் குறையும். சீட் மேடையை ஸ்பாட் வெல்ட் எடுத்துப் பத்திரப்படுத்துங்க. பழைய தரையை முதல்ல கொஞ்சமா வெட்டுங்க, புது பேனை மேல வெச்சுக் கோடு போட்டுட்டு அப்புறம் முழுசா வெட்டலாம். தரைக்கு 20-25 மிமீ மேல்படிய விட்டு, 8 மிமீ ஓட்டைகளை 40 மிமீக்கு ஒண்ணா மேல் தகட்டுல போட்டு பிளக் வெல்ட், அதாவது அந்த ஓட்டையை வெல்டால நிரப்பிக் கீழ்த் தகட்டோட பிடிக்க வைக்கிறது. தகட்டு ஸ்க்ரூவால இறுக்கிட்டு வெல்ட் பண்ணுங்க. நடுவுல இடைவெளி இருந்தா மேல் தகடு உருகும், கீழ்த் தகட்டுல பிடிக்காது.

மெஷினை செட் பண்ண, அதே கனத்துல ரெண்டு துண்டை பிளக் வெல்ட் பண்ணி, வைஸ்ல மாட்டி உளியால பிரிச்சுப் பாருங்க. வெல்ட் பொட்டு கீழ்த் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு ஓட்டையோட வந்தா சரி. பொட்டு மட்டும் சுத்தமா கழண்டு வந்தா சூடு பத்தலை, கரண்ட்டைக் கூட்டுங்க.

---

ஓஹையோ_கதிர்

தண்ணி விட்டுப் பார்த்தேன், ரெண்டு கழுத்தும் ஒழுகுது. கவ்ல்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். கேஸ் இல்லாம, உள்ளே ஃப்ளக்ஸ் பொடி இருக்கிற ஃப்ளக்ஸ் கோர் ஒயர் ஓடுமா? பின் குவார்ட்டர் பேனலையும் (பின் சக்கரத்தைச் சுத்தி இருக்கிற பக்கத் தகடு) மேல்படிய வைக்கலாமா? பிளாஸ்டிங் பத்தியும் சொல்லுங்க.

---

எபாக்ஸி_எழில்

ஃப்ளக்ஸ் கோர் இந்த மெல்லிய தகட்டுக்கு ஆகாது. சூடு அதிகம், பொத்தல் விழும், கசடு இணைப்புக்குள் ஒளிந்துகொள்ளும். 0.6 மிமீ ஒயர், 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கேஸ்.

குவார்ட்டர் பேனலை நான் மேல்படிய வைக்க மாட்டேன். பெயின்டுக்கு மேல் கோடு தெரிய வரும், பின்பக்கம் ஈரம் தங்கும். விளிம்போடு விளிம்பு, நடுவில் சுமார் 1 மிமீ சந்து. 30 மிமீக்கு ஒரு டாக் (சின்ன வெல்ட் பொட்டு), அடுத்தது தூரத்தில், கை வைக்க முடிகிற அளவு ஆறியபின் அதன் பக்கத்தில். வெல்ட் ஆறும்போது சுருங்கி அக்கம்பக்கத் தகட்டை இழுக்கும், அலை அலையாக வருவது அதனால்தான். ஒவ்வொரு டாக்கையும் தேய்த்துவிட்டு, பின்னால் டாலி (கையில் பிடிக்கிற இரும்புக் கட்டி) பிடித்து சுத்தியலால் லேசாகத் தட்டினால் சுருங்கியது கொஞ்சம் விரியும். கோடு போல ஒரே இழுப்பில் வெல்ட் ஓட்டினால் அந்தப் பேனல் போச்சு.

சாண்ட்பிளாஸ்ட்: ஃப்ரேம் ரெயில், எஞ்சின் அறை, அடித்தரை எல்லாம் தாராளமாக. ஹூட், கூரை, கதவின் வெளித் தகடு, குவார்ட்டர் கூடாது. மணல் மோதி மேற்பரப்பை விரித்துத் தகட்டை உப்ப வைத்துவிடும். அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் 80 கிரிட் உப்புத்தாளும் போதும். வெறும் தகட்டை ராத்திரி விடாதீர்கள், அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் இரண்டு கோட். துருமாற்றி அமிலம் தடவினால் கழுவிக் காயவைத்த பிறகுதான் எபாக்ஸி, மிச்ச அமிலத்தின் மேல் அது பிடிக்காது. புட்டி எபாக்ஸிக்கு மேல்தான், 3 மிமீக்குள்.

கூரையும் குவார்ட்டரும் சேரும் இடத்தில் கம்பெனியே ஈயம் பூசியிருக்கும். கிரைண்டர் வைக்காதீர்கள், ஈயத் தூசி விஷம். கேஸ் டார்ச் நெருப்பால் இளக்கித் துடைத்து எடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே ப்ரைமர், பெயின்டில், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் (நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம்) இருக்கும். அதற்கு வெளிக்காற்று தருகிற மாஸ்க் வேண்டும்.

---

தகடும்தணலும்

அவசரமாக இரண்டு விஷயம். இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே டிக்கித் தரை. பின்னால் தீப்பொறி பறப்பதற்கு முன் டேங்கைக் கழற்றிக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். காலி டேங்கில் இருக்கிற ஆவிதான் அதிக ஆபத்து.

இரண்டாவது, 67 மாடலில் விஐஎன் எண் (வண்டியின் அடையாள எண்) டிரைவர் பக்க ஃபெண்டர் ஏப்ரனில் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு) குத்தப்பட்டிருக்கும். ஃபெண்டரைக் கழற்றியதும் போட்டோ எடுங்கள். அந்த ஏப்ரன் இத்திருந்தாலும் எண் உள்ள பகுதியை வெட்டி எறியாதீர்கள், எண்ணை அகற்றுவது அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் குற்றமாகலாம். சுற்றிலும் உள்ள தகட்டை மட்டும் மாற்றலாம். அதற்கும் வழியில்லை என்றால், வெட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

---

ராக்கர்ராஜன்

ஒண்ணு விட்டுப்போச்சு. ராக்கர் உள்பக்கத்துக்கு கேவிட்டி வாக்ஸ் (துரு பிடிக்காம காக்கிற மெழுகு), வெல்டிங்கும் பெயின்டும் முடிஞ்ச பிறகு, சுத்திலும் பீச்சுற நீள நாசில்ல அடிங்க. முன்னாடியே அடிச்சா வெல்டிங் சூட்டுல பத்திக்கும். அடிச்சதும் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால குத்தித் திறந்து விடுங்க.